கீரிச் சேவலும் பாதி மரமும்

பண்ணைப்புரத்துத் தோப்புகளில் பொன்னுராஜ் ஏறாத தென்னை குறைவு. தளைக்கயிற்றைக் காலில் மாட்டி, மரத்தை உள்ளங்கையால் தட்டிவிட்டு ஏறத் தொடங்கினால், கீழே நிற்பவர்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே உச்சிக்குப் போய்விடுவார். கால் எப்போது மடங்கியது, கை எப்போது மாறியது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

சென்ற ஆண்டு காய்ந்த மட்டையைப் பிடித்துக் கீழே விழுந்தார். குதிகால் எலும்பில் விரிசல். அது கூடிய பிறகும் அவரால் பாதி மரத்தைத் தாண்ட முடியவில்லை. அங்கே போனதும் கால் மேலே எழாது. கைகள் மரத்தைக் கட்டிக்கொள்ளும். இறங்கி வந்து, "காத்து சரியில்ல" என்பார். ஓர் ஓலைகூட அசைந்திருக்காது.

உத்தமபாளையத்தில் பிசியோதெரபிஸ்ட் ஷர்மின் அவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"காலுல ஒண்ணுமில்லண்ணே. பழகுன வேலைய சிறுமூளை தானாப் பாத்துக்கிரும். நீங்க பயத்துல ஒவ்வொரு அடியையும் நெனச்சு நெனச்சு வைக்கிறீக. அதுதேன் தடுமாறுது. ஏறயில மனசு வேற எதுலயாச்சும் போகட்டும்."

"சாமிய நெனச்சுக்கிறேன்மா."

பக்கத்தில் இருந்த மனைவி விஜி, ஷர்மின் சொன்னதை மனதில் வாங்கிக்கொண்டாள்.

தோப்புக்காரர் சுருளியாண்டி இந்தத் தேங்காய் வெட்டு வரைக்கும்தான் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்கு மேல் வேறு ஆள். வெட்டு நாளன்று பொன்னுராஜ் சாமி பெயரை முணுமுணுத்தபடி ஏறினார். பாதி மரத்தில் நின்றுவிட்டார்.

கீழேயிருந்து விஜி குரல் கொடுத்தாள். "சொல்ல மறந்துட்டேன். கூடலூர் அண்ணே நேத்து வந்தாக."

"இப்ப எதுக்குடி அது?"

"வெறுங்கையோட அனுப்ப முடியுமா? கீரிச் சேவலப் பிடிச்சுக் குடுத்துவிட்டேன்."

கீரிப்பிள்ளை நிறத்தில், கம்பும் கேழ்வரகும் கையாலேயே ஊட்டி அவர் வளர்த்த சேவல் அது.

"எதுக்குக் குடுத்த?"

"கொழம்புக்குத்தேன்."

"அடியே! மடியில வச்சு வளத்தேனேடி!" தளை மாட்டிய கால்கள் ஓர் எட்டு மேலே போயின.

"அண்ணே ஆசையாக் கேட்டாக."

"உங்க அண்ணன் ஆசப்பட்டா என்னையவும் வெட்டிக் குடுத்துருவியா?" இன்னோர் எட்டு.

"நீங்க வேகுறதுக்கு வெறகு பத்தாது."

வசவுக்கு ஓர் எட்டாக ஏறிக்கொண்டே போனார். அடுத்த வசவு உச்சி மட்டைகளுக்கு நடுவிலிருந்து வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கே உறைத்தது. வாயை மூடிக்கொண்டு கீழே பார்த்தார். விஜி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பா அழுகையா என்று மேலிருந்து தெரியவில்லை.

முதல் குலை தொம்மென்று விழுந்தது. பிறகு மற்றவையும்.

"ஏய் விஜி, சேவல் வீட்லதான இருக்கு?"

அவள் முந்தானையை விலக்கினாள்.

"வேணாம், வேணாம்," என்றார் அவசரமாக. "இப்பச் சொல்லிறாத. எறங்கணும்ல."