துண்டில் வயிறு

"ஸ்கேன் அறை உதவியாளர், பெண். கதவு திறத்தல், மூடுதல், கட்டில் விரிப்பு மாற்றுதல். நோயாளிகளுடன் அவசியமற்ற உரையாடல் தவிர்க்கப்படல் வேண்டும்." புத்தளம் நகரத்துத் தனியார் ஸ்கேன் நிலையம் ஒன்று பஸீஹாவுக்குக் கொடுத்த நியமனக் கடிதம் இப்படிச் சொல்கிறது. கதவையும் விரிப்பையும் பொறுத்தவரை அது உண்மைதான்.

பஸீஹாவுக்கு வயது நாற்பத்து நாலு, வீடு தில்லையடியில். யாரையும் நம்புவதில்லை. பாண் ரொட்டியைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். சுவர்க் கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடும், கைக்கடிகாரத்தைப் போனோடும் ஒப்பிடுவாள். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு மன்னாரிலிருந்து வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. ரெண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். "அண்டைக்கு நம்பினதோட சரி" என்பாள், சிரித்துக்கொண்டே.

அவளுடைய சந்தேகம் முழுதும் இப்போது ஒரு சொல்லின் மேல்: வயிறு.

காரணம், வாசல் மேசையில் இருந்து எந்த இடத்தை ஸ்கேன் செய்வது என்று துண்டுச் சீட்டு எழுதும் ஜௌபர். நல்ல மனிதர், தொண்டை மட்டும் பெரிது. "எந்த இடம் ராத்தா?" என்று அவர் கேட்டால் மீன் லொறிக்காரர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை திரும்பிப் பார்ப்பார்கள். அத்தனை ஆண்களுக்கு முன்னால் மார்பு என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? "வயிறு" என்கிறாள். அவர் அப்படியே எழுதுகிறார். உள்ளே டொக்டர் அக்கீலா பெண்தான். ஆனால் வெளியே நாற்பது பேர் காத்திருக்க, துண்டில் உள்ளதைத்தான் அவரும் பார்க்கிறார். ஈரல் சுகம், சிறுநீரகம் சுகம். நல்ல ரிப்போட்டோடு பெண் வீட்டுக்குப் போகிறாள். கட்டியும் கூடவே போகிறது.

"வயிறு நோகிறவ வயித்தப் புடிப்பா. அபாயாவக் கழுத்தடியில புடிக்கிறவளுக்கு என்ன வயித்து வருத்தம்?" இது பஸீஹாவின் பரிசோதனை முறை. அது பிழையாவதும் உண்டு. பித்தப்பையில் உண்மையாகவே கல்லோடு வந்த ஒருத்தியைப் பத்து நிமிஷம் விசாரித்தாள். கல் கண்ட பிறகும் அவள்மேல் பஸீஹாவுக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

பதினொரு வருஷமாக ஸ்கேன் திரைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கறுப்பாக, ஓரம் சீராக இருந்தால் பெரும்பாலும் நீர்க்கட்டி. ஓரம் பிய்ந்தது போலிருந்தால் மேலும் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தெரியும். ஆனால் திரையைப் பார்ப்பதில்லை. டொக்டரின் முகத்தைப் பார்க்கிறாள். "டொக்டர் திடீரெண்டு மரியாத கூடிக் கதைச்சா, எனக்குப் பயம்."

போன சனிக்கிழமை எத்தாளையிலிருந்து ஜுனைதா வந்தாள், புருஷனின் தாயான மாமியோடு. துண்டில் வயிறு. கட்டிலில் படுத்தவள் வயிற்றைத் தயங்காமல் திறந்தாள். வலது கையை மட்டும் விலாவோடு ஒட்டி வைத்திருந்தாள்.

"மாமி, வெளிய உங்கட செருப்ப ஆரோ மாட்டிட்டுப் போறாங்க" என்றாள் பஸீஹா. மாமி பாய்ந்தார். கதவு தாழிடப்பட்டது.

"எங்க, மகள்?"

"வயிறுதான்."

"உங்கட வயிறு எப்பயிலிருந்து கக்கத்துக்குள்ள இரிக்கி?"

ஜுனைதா சுவரைப் பார்த்தாள். "கட்டி வந்து ஆறு மாசம். அவருக்கும் சொல்லல்ல. மாமி அறிஞ்சா ஊரெல்லாம் கதை."

டொக்டர் ஏசவில்லை. கருவியை வயிற்றிலிருந்து எடுத்து மார்பில் வைத்தார். கதவு தட்டப்பட்டது.

"செருப்பு இங்கதானே கிடக்கு!"

"அப்ப பார்த்துக்கிட்டு நில்லுங்க மாமி. திரும்ப வருவாங்க."

உள்ளே டொக்டரின் குரலில் மரியாதை கூடியது. இப்போதைக்கு எதுவும் முடிவாகச் சொல்ல ஏலாது, மெமோகிராமும் ஊசிப் பரிசோதனையும் கட்டாயம், தள்ளிப்போட வேணாம் என்றார். திங்கட்கிழமை போகச் சொல்லிக் குருநாகல் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். ஜுனைதா அதை எட்டாக மடித்துக் கைப்பையின் அடியில் வைத்தாள். மடிப்பின் அளவைப் பஸீஹா கவனித்தாள்.

"கட்டாயம் போவன் ராத்தா. அல்லாஹ்மேல சத்தியம்."

எந்த பஸ் என்று பஸீஹா கேட்டாள். பதில் வந்தது. போன் நம்பரும் வீட்டு அடையாளமும் கேட்டாள். அவையும் வந்தன. நம்பரை அங்கேயே அடித்துப் பார்த்தாள். கைப்பைக்குள் மணி ஒலித்தது. ஒன்றையும் நம்பவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டு, முதல் பஸ்ஸில் எத்தாளைக்குப் போய், ஜுனைதாவைக் கையோடு குருநாகலுக்குக் கூட்டிப் போனாள்.