புரட்டாசியில் ஒரு தட்டு சிப்பி

“அது ஜோக்காம்மா, ஆன்சராம்மா?”

தொடக்கநிலை மூன்றில் படிக்கும் என் மகள் தேக்கா கடைத்தெருவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கேட்ட கேள்வி இது. நான் பட்டப்படிப்பு படித்தவள். இன்னும் பதில் சொல்லவில்லை.

அதற்கு முன் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சி ஒன்றில் நான் சின்னப் பொறுப்பில் இருக்கிறேன். தண்ணீரும் மணலும் கோழியும் வெளியிலிருந்து வாங்கும் இந்தக் குட்டித் தீவு நாடு, மின்சாரத்தையாவது சொந்தக் கடலில் எடுப்போமே என்று ஆசைப்படுவதில் தப்பில்லை. கடல்தான் ஒத்துழைப்பதில்லை. தெற்குத் தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் ஓய்வுபெற்ற அதிகாரி பூங்காவில் நடப்பதுபோல நிதானமாகப் போகும். அதில் டர்பைனை இறக்கினால் முதலில் வந்து சேர்வது மின்சாரம் இல்லை, பார்னக்கிள். தமிழில் கொட்டலசு. சின்ன எரிமலை போன்ற வெள்ளை ஓடு. ஒருமுறை ஒட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் அங்கேயே குடியிருக்கும். அரசாங்க வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கும் அவசியமும் அதற்கு இல்லை. கூடவே பச்சைச் சிப்பி, பாசி, இன்னும் என்னென்னவோ. டர்பைனின் இறக்கைகள் கனத்து, ஏற்கெனவே மெதுவாகச் சுற்றியவை இன்னும் மெதுவாகச் சுற்றும்.

எந்தப் பூச்சு பூசினால் எது ஒட்டாது என்று பார்க்க, சின்ன உலோகத் தகடுகளைக் கடலில் தொங்கவிட்டிருக்கிறோம். நான் படகில் போய் அவற்றைத் தூக்கி, வளர்ந்திருப்பது விலங்கா, பாசியா என்று பிரித்து எழுதுவேன். விலங்கைத் தடுக்கும் பூச்சு வேறு, பாசியைத் தடுக்கும் பூச்சு வேறு. பார்னக்கிளைப் பாசி என்று எழுதினால் எனக்கு வேலை இருக்காது.

என் மகள் அதை விலங்கு என்று எழுதினால் அவளுக்கு மதிப்பெண் இருக்காது.

விஷயம் இதுதான். பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்திலேயே ஒரு துணைப்பாட நிலையம். அறிவியலில் கேள்விக்குப் பதில் எழுதினால் மட்டும் போதாது, அதில் ‘கீவேர்ட்’, அதாவது திருத்துகிறவர் எதிர்பார்க்கும் அதே சொல், இருக்க வேண்டும் என்பது இந்த ஊர்ப் பெற்றோருக்கு வேதம். கீவேர்ட் இருந்து அர்த்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அங்கே உயிரினங்களை வகைப்படுத்தும் பாடத்தில் ஒரு படம். பாறையில் ஒட்டிய பார்னக்கிள். “இது தானாக இடம்விட்டு இடம் நகராது. எந்தப் பிரிவு?” என் மகள் ‘விலங்கு’ என்று எழுதி, ஓட்டுக்குள்ளிருந்து காலை வெளியே நீட்டித் தண்ணீரிலிருந்து இரை பிடிக்கும் என்று விளக்கமும் எழுதியிருந்தாள். நான் ஒருநாள் கொண்டுவந்து காட்டிய தகட்டை, கண்ணாடிக் கிண்ணத்துக் கடல்நீரில் வைத்து அவளே பார்த்தது. சிவப்பு மையில் பெரிய தப்புக் குறி. “விலங்கு = இடம்விட்டு இடம் நகரும். கீவேர்ட் இல்லை.”

“அம்மா, நீங்கதானே அனிமல்னு சொன்னீங்க?”

“அனிமல்தான்டா. ஆனா எக்ஸாம்ல டீச்சர் சொன்னதை எழுதிடு.”

“அப்ப செடியா?”

“எக்ஸாம்ல மட்டும்.”

இதைச் சொன்னபோது என் குரல் மிகவும் பொறுப்புள்ள தாயின் குரலாக இருந்தது. நிலையத்துக்குப் போன் செய்து கேட்கலாம் என்று நினைத்தேன். தொந்தரவு செய்யும் அம்மா என்று குறித்துவைப்பார்களோ என்று விட்டேன். வாட்ஸ்அப்பில் எழுதி அழித்தேன். இன்னொரு தடவை எழுதி, ‘நன்றி டீச்சர்’ என்று மட்டும் அனுப்பினேன்.

அது புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் மாதம் முழுக்கச் சைவம். ஆண்டிறுதித் தேர்வும் அப்போதுதான் வரும், ஆகவே சாமியும் தேர்வும் சேர்ந்தே நம்மைக் கட்டுப்படுத்தும். என் கணவருக்கு மீன் இல்லாத சோறு சோறே இல்லை. சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு அந்தக் கடையில் உட்கார்ந்தோம். பக்கத்து மேசைக்குச் சிப்பி மசாலா போனது. இவர் பார்த்த பார்வையை என் மகள் பார்த்துவிட்டாள்.

பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள். “அங்கிள், எங்க அப்பாவுக்கு ஒரு சிப்பி.”

“நெத்தியில நாமத்தோட வந்திருக்காரு, சிப்பியா பாப்பா?”

“அது வெஜிடேரியன் அங்கிள். ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், நகராது. நகராதது செடி. டியூஷன்ல சொன்னாங்க.”

அவர் உள்ளே திரும்பிக் கத்தினார். “மாஸ்டர்! சிப்பி இனிமே செடியாம்! கீரைப் பொரியல் பக்கத்துல வச்சிருங்க!”

பக்கத்து மேசை அக்கா ஒருத்தர், “அப்ப நான் வருஷம் முழுக்க வெஜிடேரியன் லா!” என்றார். என் கணவர், “படிச்ச பிள்ளை சொல்லுது, கேட்டுக்க வேண்டியதுதான்” என்று இலையை முன்னால் இழுத்தார். கடையே சிரித்தது. எனக்குக் கண்ணில் நீர் வருமளவு சிரிப்பு.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

“எல்லாரும் சிரிக்கிறீங்க. ஆனா எக்ஸாம்ல அதையேதானே எழுதச் சொன்னீங்க. அது ஜோக்காம்மா, ஆன்சராம்மா?”

“சாம்பார் ஆறிடும், சாப்பிடு” என்றேன். இத்தனை வருடப் படிப்பில் எனக்குக் கிடைத்த கீவேர்ட் அதுதான்.

பள்ளித் தேர்வில் சொல்லிவைத்தாற்போல அப்படி ஒரு கேள்வி வந்தது. பார்னக்கிள் இல்லை, கடல் சாமந்தி. பாறையில் ஒட்டியிருப்பது, எந்தப் பிரிவு, ஏன். நான் பயந்தது அவள் தப்பாக எழுதுவாளோ என்று. அவள் எழுதவே இல்லை. தெரியாத கேள்விக்குக்கூட எதையாவது எழுதி நிரப்புகிற பிள்ளை, தெரிந்த கேள்வியை வெறுமையாக விட்டுவிட்டு வந்தாள்.

ஏன் என்று கேட்டேன். “எது உங்களுக்கு வேணும்னு தெரியலம்மா.”

திரும்பி வந்த தாளில் அந்த இடத்தில் ஆசிரியர் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘இது விலங்குதான். முயற்சி செய்திருக்கலாமே!’ அப்படியானால் பள்ளிக்குச் சரியான பதில்தான் வேண்டியிருந்தது. நானும் நிலையமும்தான் முன்ஜாக்கிரதையாக அவளைத் தயார்படுத்தியிருக்கிறோம்.

போன வாரம் புதுத் தகடு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, மெல்லிய கால்கள் வெளியே வரும்வரை காத்திருந்து, அவளைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தாள். முன்பெல்லாம் ஒன்பது கேள்வி கேட்பவள், “இது எக்ஸாமுக்கு வருமா?” என்று மட்டும் கேட்டாள். வராது என்றேன். போய்விட்டாள். பார்னக்கிள்கூடத் தனக்கு வேண்டியதை என்னைவிட நன்றாக எட்டிப் பிடிக்கிறது.

துணைப்பாட நிலையத்தை நிறுத்தலாமா என்று கேட்டால், என் கணவர் “நிறுத்திடு” என்கிறார். நிறுத்தினால் பின்தங்குவாளோ என்று எனக்குப் பயம். நிறுத்தாவிட்டாலும் பயம். பதற்றப்படாத அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். மதிப்பெண்ணைப் பற்றி வேண்டாம், அதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்பதை நிறுத்திவிட்ட பிள்ளையை மறுபடி கேட்கவைக்க நான் முதலில் என்ன சொல்ல வேண்டும்? தப்பு என்னுடையது என்று ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொன்னால் போதுமா, அல்லது அதையும் எழுதி மனப்பாடம் செய்துகொள்வாளா?