ஜீப்பில் கடைசியாக ஏறியவள்

போடிக்கு நான் வேலைக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால் ஆபரேட்டர் வேலை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஏலக்காய் வியாபாரிகளின் குரல்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஒருவர் பம்பாய் கேட்பார், ஒருவர் கான்பூர் கேட்பார். "என்னம்மா, லைன் கிடைச்சிருச்சா?" என்று ஓயாமல் கேட்கும் ஒரு கனத்த குரல் உண்டு. மூன்று வருடம் அந்தக் குரலோடு பேசினேன். அதற்குரியவர் கடைத்தெருவில் என் பக்கத்தில் நின்று வாழைப்பழம் வாங்கியிருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

மதிய ஷிப்ட் வாரங்களில் காலை முழுவதும் என்னுடையது. விடியும் முன்பே எழுந்து, கோடு போடாத நோட்டு ஒன்றையும் இரண்டு பென்சில்களையும் எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவேன். அறையில் என்னோடு தங்கியிருந்த இன்னொரு ஆபரேட்டர், போர்வைக்குள்ளிருந்தே "கிறுக்கச்சி, கதவைச் சாத்திட்டுப் போ" என்பாள். அதுதான் எனக்கு விடைகொடுக்கும் முறை.

ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு உரக்கடை இருந்தது. அது ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அதன் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வேன். அந்த நேரத்து வெளிச்சத்தை இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. ஊர் இன்னும் நீல இருட்டில் கிடக்கும். மேற்கே மலை உச்சியில் மட்டும் வெயில் விழுந்திருக்கும். மேலே பகல், கீழே இரவு, நடுவில் நாங்கள். தெருவெல்லாம் ஏலக்காய் வாசனை. பக்கத்துக் கிடங்குகளிலிருந்து வருகிறதா, அல்லது எல்லோருடைய துணிகளிலிருந்தும் வருகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

காய் எடுப்புக் காலத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். கையில் தூக்குச்சட்டி, தோளில் மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் சாக்குக் கொங்காணி. ஜீப்புகளில் நெருக்கி ஏறி மலை மேலே எஸ்டேட்டுகளுக்குப் போய், சாயங்காலம் திரும்புவார்கள். நான் அவர்களைத்தான் வரைந்தேன். ஆனால் முதுகுகளை மட்டும். முகத்தைப் பார்த்து வரைந்தால் அந்த முகமும் என்னைத் திருப்பிப் பார்க்கும். என்ன செய்கிறாய் என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்லும் தைரியம் அப்போது என்னிடம் இல்லை. முதுகு எதுவும் கேட்காது. நோட்டு முழுக்கச் சடைகளும் கொண்டைகளும் தோள்பட்டைகளும் வெடித்த குதிகால்களும்.

அவர்களில் ஒருத்தியைத் திரும்பத் திரும்ப வரைந்தேன். மூன்றாவது ஜீப்பில் போகிறவள். எப்போதும் கடைசியாகத்தான் ஏறுவாள். மற்றவர்களின் சட்டிகளையும் கூடைகளையும் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக் கொடுத்துவிட்டு, இடது காலைப் படியில் வைப்பாள். வைத்தவுடன் ஏறிவிட மாட்டாள். மலையைப் பார்த்தபடி ஒரு மூச்சு நிற்பாள். கொண்டை வலது பக்கம் சரிந்திருக்கும். இடுப்பில் ஒரு சுருக்குப்பை. அந்த ஒரு மூச்சு நேரத்துக்குள் அவளைப் பிடித்துவிட வேண்டும். பிடிக்க முடியாமல் பாதியில் விட்ட படங்கள் ஏராளம். ஒரு நாள் மட்டும் கை தானாக ஓடியது. ஜீப் புகையைக் கக்கிக்கொண்டு போன பிறகுதான் படம் முடிந்துவிட்டது என்பதே எனக்குத் தெரிந்தது.

ஐப்பசியில் ஒரு விடுமுறை நாளன்று மலைக்கே போய் வரைவது என்று கிளம்பினேன். போடிமெட்டுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ரோட்டிலேயே இறங்கி நடந்தேன். நாலைந்து கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, சாலையோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். கீழே சமவெளி முழுக்க வெயிலில் கிடந்தது. தென்னந்தோப்புகளும் கண்மாய்களும், தெற்கே தேவாரம் வரைக்கும் தேய்ந்து தேய்ந்து போகும் பச்சையும். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதிப் பக்கம் வரைந்திருப்பேன். மலையிலிருந்து மஞ்சு, அந்த ஊர் மூடுபனி, இறங்கிவிட்டது.

முதலில் சமவெளி போனது. பிறகு எதிர்ப்பக்க மரங்கள் போயின. கடைசியில் ரோடும் போய், நானும் சுவரும் மட்டும் மிச்சம். தாள் நமுத்துப் பென்சில் ஓட மறுத்தது. பயப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பயம் வரவில்லை. தூங்கி எழுந்தும் எழாமலும் கிடக்கிற நிலை போல இருந்தது. எங்கோ மேலே தண்ணீர் சொட்டும் சத்தம். பெயர் தெரியாத ஒரு பறவை ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. மஞ்சுக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்து, ஒரு ஜீப்பு என் முன்னால் வந்து நின்றது.

"ஏத்தா, இங்க ஒத்தையில உக்காந்து என்ன பண்ற?" உள்ளேயிருந்து ஒரு குரல். "வெரசா ஏறு, மழை வருது."

டிரைவர் திரும்பிப் பார்த்து, "மதி, மதி. எடம் இல்ல" என்றார். போதும் என்பதை மலையில் பாதிப் பேர் மலையாளத்தில்தான் சொல்வார்கள்.

"ஒங்க மடியிலயா உக்காரப் போகுது? நீங்க ரோட்டைப் பாருங்கண்ணே" என்றது அதே குரல். ஜீப்பு முழுவதும் சிரித்தது. என்னை இரண்டு கைகள் உள்ளே இழுத்துப்போட்டன. ஈரச் சாக்கும் பச்சை ஏலக்காயும் வெற்றிலையும் கலந்த வாசனை. காய் எடுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்கள்.

"என்ன சோலியா வந்த?"

"படம் போட."

"படமா? எங்க, கொண்டா பாப்போம்."

நோட்டு என் கையை விட்டுப் போய்விட்டது. ஒருத்தி மடியிலிருந்து இன்னொருத்தி மடிக்குப் போனது. வளைவுகளில் ஜீப்பு சாயும்போதெல்லாம் நோட்டும் சாய்ந்தது. வெளிச்சத்துக்கு ஒருத்தி தீப்பெட்டி எடுக்கப்போக, இன்னொருத்தி அதட்டி நிறுத்தினாள். வெளியே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

"அடியே, இது எஞ்சடைடி! ரிப்பனைப் பாரு."

"இது ஒங்க மாமியாக்காரி. அந்த நடையைப் பாத்தாலே தெரியுதுல்ல."

"ஒண்ணுக்கும் மொகத்தைக் காணோமே. ஏன் தாயி, எங்க மொகமெல்லாம் அம்புட்டு மோசமாவா இருக்கு?"

நானும் சிரித்தேன். இத்தனை நாளாக ஒளிந்து ஒளிந்து வரைந்ததெல்லாம் இப்படி ஒரே சிரிப்பில் வெளியே வந்துவிட்டதில் உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது.

அப்போது நோட்டு என் எதிரே இருந்த ஒரு இளம்பெண்ணிடம் போயிருந்தது. என் வயதுதான் இருக்கும். அவள் பக்கத்தைப் புரட்டவில்லை. அடுத்தவள் கை நீட்டினாள், கொடுக்கவில்லை.

"இது எங்காத்தா" என்றாள்.

ஜீப்பில் சிரிப்பு நின்றது. எட்டிப் பார்த்தேன். கடைசியாக ஏறுகிறவளின் அந்த நல்ல படம்.

"எங்காத்தாதான். கொண்டையைப் பாருங்க. எல்லாரும் ஏறுன பெறகுதான் ஏறும். ஏறாம நின்னுக்கிட்டு மலையைப் பாக்கும்." அவள் விரல் தாளுக்கு மேலே, தொடாமல், தோளின் கோட்டைப் பின்தொடர்ந்தது. பக்கத்தில் இருந்தவள் என் காதோரம் சொன்னாள்: "ஆடியில போய்ச் சேந்துருச்சு. காய்ச்சல். ஒரு போட்டோ கெடையாது."

நான் அந்தப் பக்கத்தைத் தையலோரம் பார்த்துக் கிழித்து அவளிடம் கொடுத்தேன். அவள் அதைத் தூக்குச்சட்டிக்குள் சுருட்டி வைத்து மூடினாள். நனையக் கூடாதென்று. இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தங்கரைத் தெருவுல செவப்புக் கதவு. ஒரு நாளைக்கு வாங்கக்கா" என்றாள்.

அறைக்கு வந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அந்த நோட்டை நான் வாங்கியது ஆவணியில். ஆடியில் இறந்தவளை அதில் எப்படி வரைந்திருக்க முடியும்?

துண்டைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றேன். அறைத்தோழியிடம் சொன்னேன். "ஏதாவது பேய் படம் போட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிடப் போய்விட்டாள். மறுநாள் விடியலில் உரக்கடைப் படிக்கட்டுக்கு ஓடினேன். மூன்றாவது ஜீப்பு நின்றது. சட்டிகள் உள்ளே போயின. சரிந்த கொண்டை, சுருக்குப்பை. இடது கால் படியில். ஒரு மூச்சு. அவள் உயிரோடு ஏறிப் போனாள்.

ஆக, நான் கொடுத்தது வேறு யாரோ ஒருத்தியின் முதுகு. அந்தப் பெண் முதல் ஜீப்பில் போகிறவள் என்பதையும் அன்று கவனித்தேன். மூன்றாவது கிளம்பும்போது அவள் ஊரிலேயே இருப்பதில்லை. அதனால்தான் குழம்பியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். அவள் விரல் தாளுக்கு மேலே நகர்ந்தது ஞாபகம் வரும், போகமாட்டேன். பொய் சொல்லவில்லைதான். ஆனாலும் ஏமாற்றிவிட்டது போலவே இருந்தது. ஜீப் ஸ்டாண்டுப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டேன். வரைவதும் நின்றுவிட்டது. விடிகாலையில் விழிப்பு வந்தாலும் படுத்தே கிடப்பேன். போர்வைக்குள்ளிருந்து தோழி, "இன்னைக்கும் போகலையா?" என்பாள்.

தை பிறந்து சில நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அரை டஜன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு கொட்டகுடி ஆற்றை ஒட்டிய அந்தத் தெருவுக்குப் போனேன். சிவப்புக் கதவு திறந்தே இருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் "வாங்கக்கா, வாங்க" என்று பாயை விரித்தாள்.

உள்ளே சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் என் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதற்கு ஒரு சின்னக் கதம்ப மாலை. முகம் இல்லாததால் பொட்டு எங்கே வைப்பதென்று யோசித்திருக்கிறார்கள். கடைசியில் கொண்டைக்கு நடுவே கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

அதற்கு நேர் கீழே, சுவரில் சாய்ந்து கால் நீட்டி, ஒரு பெண்மணி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். கொண்டை வலது பக்கம் சரிந்திருந்தது.

ஆரஞ்சுப் பழங்களைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"இதுதானா அந்தப் புள்ள?" என்றாள் அந்தப் பெண்மணி. "உக்காரு தாயி. உசுரோட இருக்கையிலயே எனக்கு மாலை போட வச்சிட்டியே."

இளம்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இது எங்க சின்னம்மா, அக்கா. ஆத்தாவுக்கு நேர் தங்கச்சி. அன்னைக்கு ஜீப்புல எனக்கு ஒண்ணும் தோணலை, ஆத்தான்னே நெனச்சேன். வீட்டுக்கு வந்து காட்டுறேன், சின்னம்மா பாத்துட்டு, 'அடி கூறுகெட்டவளே, இது என் சுருக்குப்பைடி'ங்குது."

"அப்ப... தெரிஞ்சும் ஏன் மாலை போட்டீங்க?"

சின்னம்மாதான் வெற்றிலையை மடித்தபடி சொன்னாள்:

"நான்தான் மாட்டச் சொன்னேன். நாங்க ரெண்டு பேரும் ஒரு வயித்துப் பிள்ளைக. சின்னதுலருந்து பின்னாடி பாத்துட்டு அவளைக் கூப்புடுறவுக என்னையக் கூப்புடுவாக. நான் திரும்புனா, 'ஓ, நீயா'ம்பாக. அவளும் இப்படித்தான் கடைசியா ஏறுவா. அவ போன பெறகு நான் கடைசியா ஏற ஆரம்பிச்சேன். என்னமோ, அவ வரட்டும்னு நிக்கிற மாதிரி. அதனால நீ போட்டது பாதி அவதான். நான் கண்ணாடியில என் முதுகைப் பாத்தது கெடையாது, இப்பத்தான் பாக்குறேன். பாத்தா அவளாட்டம்தான் இருக்கு."

சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். ஆரஞ்சுகளைக் கீழே வைத்தேன். இளம்பெண் ஒன்றை உரித்து முதல் சுளையைப் படத்துக்கு முன்னால் வைத்தாள். அடுத்ததைச் சின்னம்மாவிடம் நீட்டினாள். "அதுவும் எனக்கு, இதுவும் எனக்கா?" என்று அவள் கேட்க, மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தபோதே இளம்பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துச் சின்னம்மா, "சரி, இது அவளுக்குன்னு ஆயிப்போச்சு. எனக்குன்னு ஒண்ணு போடு. இந்தத் தடவை முன்னாடி" என்றாள்.

பையில் நோட்டு இருந்தது. ஏன் எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியாது. "எனக்கு மொகம் வராது" என்றேன்.

"வந்த வரைக்கும் போடு."

அவள் சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். என்னை நேராகப் பார்த்தாள். நான் அந்தக் கண்களைத் தாங்க மாட்டாமல் மூக்கிலிருந்து தொடங்கினேன். அழித்தேன். திரும்பத் தொடங்கினேன். ஆற்றுப் பக்கமிருந்து துணி துவைக்கும் சத்தம் ஒரே தாளமாக வந்துகொண்டிருந்தது. கதவு வழியாக வெயில் பாயின் ஓரத்தில் விழுந்திருந்தது. வாரம் ஆறு நாள் மலை ஏறி இறங்கிய உடம்பு அவளுக்கு. கண் இமைகள் மெல்ல மெல்லத் தாழ்ந்தன. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் தாழ்ந்த இமைகள் தாழ்ந்ததுதான். வெற்றிலைச் சிவப்பு உதட்டோரத்தில் இருந்தது. தூக்கத்தில் அவள் முகம் எதையும் கேட்கவில்லை.

நான் பென்சிலை நிறுத்தினேன்.

"எழுப்பாதீங்கக்கா" என்றாள் அந்தப் பெண் தாழ்ந்த குரலில். "ஆத்தா போனதுலருந்து சின்னம்மா பகல்ல கண்ணசந்து நான் பாத்ததில்ல."

அவளும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாளையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். புருவத்தில் ஒரு இடத்தை விரலால் காட்டினாள். அங்கே ஒரு சின்னத் தழும்பு. அதை நான் கவனித்திருக்கவில்லை. தழும்பைப் போட்டவுடன், அதுவரை யாருடையதாகவோ இருந்த முகம் சின்னம்மாவுடையதாகிவிட்டது. வெயில் பாயின் ஓரத்திலிருந்து நகர்ந்து அவள் பாதத்துக்கு வந்தது. அது முழங்காலைத் தொடும்வரைக்கும் நான் வரைந்துகொண்டிருந்தேன்.