தயாளன் தம்பிக்காக நான் சொல்கிறேன்

என் மூத்த பேரன் சரவணன் ஈப்போவில் பல் டாக்டர். அவன் தங்கை மாலதி தானா ராத்தா மருத்துவமனையில் தாதி. சின்ன மகள் வீட்டுப் பையன் கவின் பூப்பந்தாட்டத்தில் பஹாங் மாநிலத்துக்கு ஆடியவன். அவன் அக்கா ரூபிணி கோலாலம்பூரில் டிவி நிலையத்தில், காலை நிகழ்ச்சி தயாரிக்கும் இடத்தில் வேலை செய்கிறாள்.

நான் எதைப் பேச ஆரம்பித்தாலும் இப்படித்தான் ஆரம்பிப்பேன். மருமகன் கேலி செய்வார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். திரும்பாமல் கேட்டு, "இன்னும் யாரும்மா பாக்கி?" என்று கேட்ட ஒரே மனுஷர் தயாளன் தம்பி, ரூபிணியின் மேலதிகாரி. அவர் போய்விட்டார்.

போன வாரம் காலையில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தேன். ரூபிணி போன் செய்தாள். அது நிகழ்ச்சி ஓடும் நேரம். அந்த நேரத்தில் அவள் பெற்ற தாயிடம்கூடப் பேசமாட்டாள்.

"பாட்டி, டிவியத் தெறந்துட்டீங்களா?"

"இல்லம்மா, இப்பத்தான் கல்லு காயுது."

"தெறக்காதீங்க. நான் சொல்றத மொதல்ல கேளுங்க. தயாளன் சார் போய்ட்டாரு பாட்டி. ஹார்ட் அட்டாக்."

டிவியில் பார்த்து நான் தெரிந்துகொள்ளக் கூடாது என்று, அத்தனை வேலைக்கு நடுவில் அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. அதுவும் அவரிடம் கற்றதாகத்தான் இருக்கும்.

அவரை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நிகழ்ச்சியில் வேலை செய்யும் பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள். எனக்குத் தெரிந்த தயாளன் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துபோன தயாளன். அவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் ரூபிணி திருத்திவிடுவாள்.

முதல் தடவை அவர் வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது. காலை நிகழ்ச்சியை யாரும் பார்ப்பதில்லை, தீபாவளிக்குள் நிமிர்த்தாவிட்டால் மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். மூடினால் அவருக்கும் வேலை இல்லை, ரூபிணியோடு சேர்த்து அத்தனை பிள்ளைகளுக்கும் வேலை இல்லை. காலையில் சனங்கள் என்னதான் செய்கிறார்கள் என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று ரூபிணியைக் கூட்டிக்கொண்டு மலையேறி வந்துவிட்டார். என் வீட்டுக்காரரின் குரங்குக் குல்லாவைக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு சமையல் கட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் தோசை ஊற்றுவதும் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மா, அடிக்கடி எட்டிப் பாக்குறீங்களே, எது புடிக்குது?"

"மூலையில மணி காட்டுதுல்ல தம்பி, அதுக்குத்தான். கவினுக்கு ஸ்கூல் வேன் வந்துரும் லா."

ரூபிணி தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவர் கூடத்து டிவியை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். அப்புறம் குல்லா ஆட ஆடச் சிரித்தார். "இத்தனை வருஷமா நான் கடிகாரம் ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

அன்றைக்கே முடிவு செய்தார். ஒரு காலை முழுக்க எங்கள் தோட்டத்திலிருந்து நேரடியாக ஒளிபரப்பு. அதுவும் எடுபடாவிட்டால் மூடிக்கொள்ளட்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டு வந்தாராம். எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள், நான், பாக்கியம், அந்தோணியம்மாள் எல்லோரும், கூடையோடும் தலைத்துணியோடும் கொழுந்துக் காட்டில் நிற்க வேண்டும். பின்னால் சூரியன் எழும்ப வேண்டும். அதுதான் திட்டம்.

நாங்கள் பட்டுப்புடவையில் போய் நின்றோம்.

வேறு எப்படிப் போவது? உலகமே பார்க்கிறது என்கிறார்கள். கல்யாணப் பட்டு, காசுமாலை, தலை நிறையப் பூ. புடவை மறையும் என்று கம்பளிச் சட்டையையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டோம். குளிரில் பல் தந்தியடித்தது. நிகழ்ச்சி நடத்தும் பெண் எங்களைப் பார்த்ததும் வெளுத்துப்போனாள்.

"அம்மா, கூடை எங்கம்மா?"

"கூடையா? அத முப்பது வருஷம் தூக்கியாச்சு" என்றாள் பாக்கியம். "டிவிக்கு எதுக்கு லா கூடை? இப்ப கொழுந்து எடுக்குறது பங்களாதேஷ் பையனுங்க. கூடை வேணுன்னா அவனுங்கள நிக்க வையி."

போதாததற்குப் பனி இறங்கிவிட்டது. மலையும் இல்லை, தேயிலையும் இல்லை, சூரியனும் இல்லை. கேமராக்காரத் தம்பி கிட்டத்தட்ட அழுதுவிட்டார். "சார், பின்னாடி ஒண்ணுமே தெரியல சார். ஒரே வெள்ள."

தயாளன் தம்பி எங்களை ஒரு பார்வை பார்த்தார். "முகம் தெரியுதுல்ல? போதும். ஆரம்பி."

அந்தப் பெண் மைக்கை நீட்டி, "தேயிலை பறிக்கும் அனுபவம் எப்படி?" என்று கேட்டாள். பாக்கியம் மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டாள். "எம் பேரன் குமரன் பினாங்குல இஞ்சினியரு படிக்கிறான்" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அடுத்தவள் பிடுங்கித் தன் மகள் ரிங்லெட்டில் டீச்சராக இருப்பதைச் சொன்னாள். அவளிடமிருந்து இன்னொருத்தி. விளம்பரம் போடச் சொல்லிக் காதில் கத்துகிறார்கள் என்று அந்தப் பெண் கையைக் காட்டினாள். தயாளன் தம்பி ஒரு கையைத் தூக்கி, "விடு, பேசட்டும்" என்றார்.

அந்தோணியம்மாளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவள் என்ன சொல்வாளோ என்று எனக்குப் பயம். அவள் மைக்கை இறுக்கிப் பிடித்து, "இந்தா காதுல கருவிய மாட்டிக்கிட்டு நிக்கிதே, இது ரூபிணி. எங்க லயத்துப் புள்ள. நான் ஊட்டி வளத்த புள்ள. இன்னிக்கு உங்களுக்கே டிவி காட்டுது" என்றாள். கேமரா திரும்பியது. என் பேத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்பதை ஊரே பார்த்தது. நான் சொல்ல வைத்திருந்ததை அவள் சொல்லிவிட்டாளே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

அன்றைக்கு நிலையத்தில் போன் ஓயவில்லையாம். எங்க மகளைப் பற்றியும் சொல்லணும், எங்க பேரன் படத்தையும் காட்டணும் என்று ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படி வந்ததுதான் காலை நிகழ்ச்சியில் நீங்கள் இப்போது பார்க்கிற 'நம்ம பிள்ளைங்க' பகுதி. மேலிடத்தில் நடிகைகளைக் கூட்டி வரச் சொன்னபோது, "நடிகையப் பத்தி எல்லாரும் பேசியாச்சு. வேலை கெடச்ச புள்ளையப் பத்தி அவங்க வீட்டுத் தெருவத் தாண்டி யாரு பேசுனா?" என்று கேட்டாராம். தீபாவளி வந்தது, போனது. நிகழ்ச்சியை மூடவில்லை, அது நிலைத்து நின்றது.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பழைய படம் கொடுத்தால் வாங்கமாட்டார். கவினின் பள்ளிக்கூடப் படத்தை அனுப்பியதற்கு அவரே கூப்பிட்டார். "அம்மா, பையன் மீச வச்சிட்டான். நீங்க இன்னும் பல்லு விழுந்த படத்தையே அனுப்புறீங்க. இப்ப எப்படி இருக்கானோ அதத்தான் காட்டணும். புதுசா ஒண்ணு எடுங்க."

நேரடி ஒளிபரப்பு முடிந்து என் வீட்டில் பசியாற உட்கார்ந்தபோது கேட்டேன். "உங்களப் பத்திச் சொல்ல யாரு இருக்கா தம்பி?" கல்யாணம் செய்துகொள்ளாதவர் அவர்.

தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னார். "அம்மா இருந்தாங்க. மார்க்கெட்டுல மீன் வெட்டுறவன்கிட்டக்கூட, எம் மகன் டிவில இருக்கான்னு சொல்வாங்க. எனக்கு மானமே போயிரும். சும்மா இரும்மாம்பேன். இப்ப சொல்ல ஆளில்ல." பிறகு தட்டை நீட்டினார். "இன்னொண்ணு போடுங்க."

இப்போதும் காலையில் டிவி ஓடுகிறது. என் கண் மூலைக்குப் போவதில்லை. கல்லில் தோசை கருகினாலும், யார் வீட்டுப் பிள்ளை, என்ன படித்தது என்று கேட்டுவிட்டுத்தான் திருப்புகிறேன். அவர் என்னிடம் விட்டுப்போனது இதுதான்: அடுத்தவர் பெருமையையும் நின்று கேட்கிற காது. முன்பு எனக்கு வாய் மட்டும்தான் இருந்தது.

அந்தோணியம்மாள் அன்று செய்ததை இன்று நான் செய்கிறேன். மைக் என் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவர் பெயர் தயாளன். மூடப்போன நிகழ்ச்சியை நிமிர்த்தியவர். இருபது முப்பது பிள்ளைகளின் வேலையைக் காப்பாற்றியவர். எங்கள் பிள்ளைகளின் பெயரை நாடு முழுக்கச் சொல்லவைத்தவர். எங்கள் லயத்தில் அவருக்கென்று ஒரு முக்காலியும் ஒரு குல்லாவும் உண்டு. எங்கள் வீட்டுப் பையன்.

நிகழ்ச்சியின் இணையப் பக்கத்தில் நீங்கள் போட்டிருக்கும் அவர் படத்தைப் பார்த்தேன். கோட்டும் டையும், கறுகறு மீசையும். அது எந்தக் காலத்துப் படமோ, எனக்கு அந்த ஆளைத் தெரியாது. குரங்குக் குல்லாவோடு, கையில் தோசைத் தட்டோடு, கண்ணை மூடிச் சிரிக்கிற படம் ஒன்றை மாலதி எடுத்திருக்கிறாள். ரூபிணியிடம் அனுப்பிவிட்டேன். பழசை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள்.