ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேன் வராது

எனக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கத் தெரியாது. பாத்திரக்கடை மாடியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போதும் நடந்துகொண்டே இருப்பேன். அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டதோ என்று கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போகும். வாரத்தில் ஆறு நாள், ஒரு நாளைக்கு நாலு வகுப்பு. போதாததற்கு ஞாயிறு மதியம் ஒன்று. எல்லாம், இந்த வகுப்புகளை நடத்தும் கடைக்கார அண்ணாச்சி ஒவ்வொன்றாகச் சேர்த்தது. அவர் கேட்பார், நான் "சரிங்க அண்ணாச்சி" என்பேன். வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை டமார் டமாரென்று போடுவேன்.

ஞாயிறு வகுப்பில் ஒன்பது பெண்கள், பெரும்பாலும் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்பவர்கள். தொழிற்சாலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. அன்றைக்கு வேலை நேரம் பற்றிய பாடம். எத்தனை மணிக்குத் தொடங்கும், எப்போது விடும், எந்தக் கிழமை லீவு. புத்தகத்திலிருந்த ஆள் ஒன்பதுக்குப் போய் ஐந்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டான்.

"அவன் எந்த ஊர்க்காரன் டீச்சர்?" என்றார் பசுவந்தனையிலிருந்து வரும் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்குக் காலை ஆறரைக்கே ஆபீஸ் வேன் வந்துவிடும்.

எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் சோலார் கம்பெனியின் விருந்தினர் விடுதியில் அவர் ஒரு வேலைக்கு மனுப் போட்டிருந்தார். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. அடுத்த ஞாயிறு அவரே போன் செய்து ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பெட்டி அடைத்து அடைத்து அக்காவின் விரல்கள் மரத்துப் போயிருந்தன. கிடைத்தே ஆகவேண்டிய வேலை. அதனால் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். சீக்கிரம் வர முடியுமா? எஸ், ஐ கேன். கூடுதல் நேரம் இருக்க முடியுமா? எஸ், ஐ கேன்.

"முடியாதுன்னா எப்படிச் சொல்லணும் டீச்சர்?"

"வேலை கேக்கப் போற எடத்துல அது எதுக்குக்கா?" என்றேன், கடிகாரத்தைப் பார்த்தபடி. அவர் விடவில்லை. நோட்டின் ஓரத்தில் 'ஐ காண்ட்' என்று அவசரமாக எழுதிக்கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபின் போன் வந்தது. நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அக்கா தடுமாறினாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியாக, சண்டேயும் வர முடியுமா என்று கேட்டார் மேனேஜர். 'எஸ்' சொல்லுங்கள் என்று அக்காவின் முழங்கையை இடித்தேன்.

"சாரி சார். சண்டே ஐ காண்ட்."

சொல்லி அனுப்புகிறோம் என்று மேனேஜர் போனை வைத்துவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஞாயித்துக்கிழமை அப்படி என்ன வேலைக்கா உங்களுக்கு?"

"ஒரு வேலையும் இல்ல. அதான் வேணும். பதினெட்டு வயசுல இருந்து போறேன். ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் வேன் வராது. அன்னைக்கு என்ன செய்யணும்னு நானேதான் முடிவு பண்ணுதேன். அதையும் குடுத்துட்டா பொறவு எனக்குன்னு என்ன இருக்கு?"

அப்போது என் போன் அடித்தது. அண்ணாச்சி. பத்துப் பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்களாம், ஞாயிறு காலையிலும் ஒரு வகுப்பு வைத்துக்கொள்ளலாமா? அவர் பேசுவது பக்கத்தில் நின்ற அக்காவுக்கும் கேட்டது. வாயைத் திறந்தேன்.

"சரிங்க அண்ணாச்சி."

அக்கா நோட்டைப் பைக்குள் வைத்தபடி என்னையே பார்த்தார். படி இறங்கும் முன் நின்றார்.

"முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு யாரும் சொல்லிக்குடுக்கலியோ டீச்சர்?"

கிண்டலே இல்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் சுட்டது.

புதன்கிழமை அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஞாயிறுக்கு வேறொரு பெண் வருகிறாளாம். எனக்குச் சந்தோஷம்தான், கூடவே வெட்கமும்.

இப்போதெல்லாம் அந்தப் பாடத்தில் 'ஐ காண்ட்' என்பதைத்தான் பலகையில் முதலில் எழுதுகிறேன். எல்லோரும் உரக்கச் சொல்வார்கள். கீழே கல்லாவில் இருக்கும் அண்ணாச்சிக்கும் கேட்கும். ஊருக்குத்தான் உபதேசம். ஞாயிறு காலை வகுப்பு ஒன்பது மணிக்கு. எட்டே முக்காலுக்கே போய்ப் பூட்டைத் திறந்துவிடுகிறேன்.