முப்பத்தோராவது நிமிடத்தில் நின்ற சின்னம்மா

கூலிமில் ஹைடெக் பூங்காவுக்குள் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. சில்லுகளை நுண்ணோக்கியின் கீழே வைத்து, கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் சிவப்புத் தட்டு, இல்லாவிட்டால் நீலத் தட்டு. அவ்வளவுதான். அந்தச் சில்லு எந்தப் பெட்டிக்குள் போய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை, மின்சாரத்தில் ஓடும் எதுவானாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். செமிலிங்கில் இருக்கும் என் சின்னம்மா ஒரு முறை அரிசிக் குக்கரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "நீ பாக்குற சாமான்தான் தம்பி இதுக்குள்ளயும் இருக்கும்" என்றார்.

அந்தச் சின்னம்மாவைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பீடோங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறார். அவருடைய மீன் கறியை ஆசிரியர்கள் விடுமுறை நாளில்கூடக் கேட்டு வாங்கிப் போவார்கள். அவருடைய மகள், என் தங்கச்சி, சுங்கைப்பட்டாணியில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். இணையத்தில் ஓடும் ஒரு சமையல் போட்டிக்கு அம்மாவின் பெயரை அம்மாவிடம் கேட்காமலேயே கொடுத்துவிட்டாள். போட்டிக்காரர்கள் கூப்பிட்டுவிட்டார்கள். சின்னம்மா இரண்டு நாள் அழுதுவிட்டு, மூன்றாம் நாள் தன் சொந்த அகப்பையைப் பைக்குள் வைத்துக்கொண்டு கோலாலம்பூருக்குப் பஸ் ஏறினார்.

திரும்பி வந்தவர் முடிவைச் சொல்லவில்லை. நிகழ்ச்சி வெளியாகும்வரை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிவிட்டார்களாம்.

"எங்கிட்ட கூடவா?" என்றார் சித்தப்பா.

"பேப்பர்ல உங்க பேரு தனியா போடல. 'யாரிடமும்'னுதான் போட்டிருந்துச்சு."

சித்தப்பா எஸ்டேட் எஸ்டேட்டாக வேனில் போய் மீன் விற்பவர். விடியற்காலையில் கோத்தா கோலா மூடாவுக்குப் போய், படகு கரைக்கு வந்ததும் மீன் எடுப்பார். அந்தச் சந்தையில் விலையை வாயைத் திறந்து கேட்கக் கூடாது. விற்பவரின் காதில் ஓத வேண்டும். அங்கே அடக்கி வைத்த தொண்டையை மற்ற எல்லா இடத்திலும் திறந்துவிடுவார். அவர் செம்பனைத் தோட்டத்துக்குள் "மீனேய்" என்று ஒரு குரல் கொடுத்தால் அடுத்த டிவிஷனில் பாத்திரத்தோடு வாசலுக்கு வருவார்கள்.

முதல் பரிசு, லங்காவியில் மூன்று நாள் தங்கல், இருவருக்கு. இரண்டாம் பரிசு, ஒரு செட் பாத்திரம். மூன்றாம் பரிசு, கிரைண்டர். சித்தப்பாவுக்கு முதல் பரிசு மட்டும்தான் காதில் விழுந்தது. பூப்போட்ட சட்டை ஒன்று வாங்கி, வேனின் பின்சீட்டில் ஒளித்து வைத்திருந்தார். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

நிகழ்ச்சி பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இணையத்தில் ஏறியது. எனக்கு அன்று ஓய்வு நாள். பத்தே காலுக்கு நான் செமிலிங் வீட்டில் இருந்தேன். கூடத்தில் பாய் விரித்து, ஐஸ் மைலோ கலக்கி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் வந்திருந்தார். தங்கச்சி தன் கைப்பேசியில் இணைப்பைத் தொட்டாள். படம் அருமையாக ஓடியது. சின்னம்மா புடவைக்கு மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, கேமராவைப் பள்ளி இன்ஸ்பெக்டரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தெங்கிரி மீனைக் கழுவினார். புளி கரைத்தார். நாங்கள் கைதட்டினோம். நடுவர்கள் கரண்டியை எடுத்தார்கள். முப்பத்தோராவது நிமிடம். ஒரு நடுவரின் வாய் திறந்தது. அப்படியே நின்றுவிட்டது. அந்த வாய்க்கு மேலே ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"லைன் இல்ல" என்றார் சித்தப்பா.

லைன் இருந்தது. வைஃபையை நிறுத்தி டேட்டாவில் போட்டோம். அதே வாய், அதே வட்டம். என் கைப்பேசியில் போட்டேன். நின்றது. சித்தப்பாவின் கைப்பேசியில் அந்தத் தளமே திறக்கவில்லை. அந்தக் கைப்பேசியின் கண்ணாடிக்குள் மீன் செதில் இரண்டு இருந்தது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க லா" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. செய்தோம். படம் முதலிலிருந்து ஓடியது. சின்னம்மா மறுபடி மீன் கழுவினார். முப்பத்தொன்றில் நின்றது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். அரிசிக் குக்கரின்போதும் அப்படித்தான் பார்த்தார்கள். படத்தின் தரத்தைக் குறைத்தால் ஓடும் என்று எப்போதோ கேட்டிருந்தேன். குறைத்தேன். சின்னம்மாவின் முகம் குவே லாப்பிஸ்போல் அடுக்கடுக்காக ஆனது. "என் பொட்டு எங்கடா?" என்று பதறினார். அதுவும் முப்பத்தொன்றில் நின்றது. சேமித்து வைத்த குப்பையையெல்லாம் அழித்தேன். அதில் தங்கச்சியின் கடவுச்சொற்களும் போய்விட்டன என்பது அப்புறம்தான் தெரிந்தது. வேறு பிரவுசரில் திறந்தேன். முப்பத்தொன்று.

நேராக முப்பத்திரண்டுக்குத் தாவலாம் என்று விரலால் இழுத்தேன். படம் கடைசிக்கே போய்விட்டது. எண்ணெய் விளம்பரம் ஒன்று வந்து முடிந்தது.

இத்தனை நேரமும் சின்னம்மா பாயின் ஓரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முடிவு தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் அவர்தான்.

"நீயே சொல்லிடேன் புள்ள. அதான் வெளியாயிருச்சே" என்றார் சித்தப்பா.

"எங்க வெளியாச்சு? முப்பத்தோரு நிமிசம்தான் வெளியாயிருக்கு."



தங்கச்சி தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். படத்துக்குக் கீழே இறக்கிக்கொள்ளும் பொத்தான் ஒன்று இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இறக்கி, லேப்டாப்பிலேயே இருந்த பிளேயரில் திறந்து, ஒரு வயரால் தொலைக்காட்சியில் இணைத்தேன். முப்பத்தொன்று வந்தது. நடுவர் வாயை மூடினார்! ஓடுகிறது! கூடம் முழுக்க ஒரே கூச்சல். கூச்சல் அடங்கிய பிறகுதான் நடுவர் பேசுவது கேட்கவில்லை என்பது தெரிந்தது. அவர் வாய் அசைந்தது. கை அசைந்தது. சத்தம் மட்டும் இல்லை.

ஸ்பீக்கரைத் தட்டினேன். வயரைக் கழற்றி மாட்டினேன். முப்பது நிமிடம்வரை சத்தம் நன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகு ஊமை.

"என்னா ரோசாக் ஆயிருச்சு? எது கெட்டுப்போச்சு?" என்றார் சித்தப்பா.

எனக்கு ஒன்று புரிந்தது. யாரோ முதல் பகுதியை ஒரு வகையிலும் கடைசிப் பகுதியை வேறு வகையிலும் சேமித்து, இரண்டையும் ஒட்டிவிட்டிருக்கிறார்கள். ஒட்டு விழுந்த இடம்தான் முப்பத்தோராவது நிமிடம். கைப்பேசி அங்கே முரண்டுபிடித்து நிற்கிறது. லேப்டாப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சத்தத்தைக் கீழே போட்டுவிடுகிறது. இதைச் சொன்னபோது என் குரல் எனக்கே டாக்டர் குரல்போல் இருந்தது.

"அப்ப சத்தத்த எடுத்துக்கிட்டு படத்தக் கீழ போடுற மெஷின் ஒன்னு இருக்குமா அண்ணே?" என்றாள் தங்கச்சி.

இருந்தது. பக்கத்து வீட்டில் இருந்தது. அந்த அக்காவின் மகன் வாங்கிக் கொடுத்த பெரிய தொலைக்காட்சி இணையத்தில் தானாகவே ஓடும். நான் அங்கே போய்ப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தொன்றில் திரை கறுத்தது. ஆனால் நடுவரின் குரல் கணீரென்று வந்தது: "இந்த மீன் கறியைப் பற்றிச் சொல்லணும்னா..." நான் பாய்ந்து நிறுத்தினேன். படத்தோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும் என்று சின்னம்மா கட்டளையிட்டு அனுப்பியிருந்தார்.

அந்தத் தொலைக்காட்சியைச் சுவரில் திருகி மாட்டியிருந்தார்கள். கழற்ற முடியாது. ஆகவே திட்டம் இப்படி ஆனது: எங்கள் வீட்டில் படம், பக்கத்து வீட்டில் சத்தம். சித்தப்பா அங்கே உட்கார்ந்து கேட்டு, கேட்டதைச் சுவர் தாண்டிச் சொல்ல வேண்டும். போன் போட்டுச் சொல்லலாமே என்று தங்கச்சி கேட்டாள்.

"எனக்கு எதுக்கு போன்?" என்றார் சித்தப்பா. நியாயம்தான்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் பக்கத்து வீட்டுக்கே போயிருக்கலாம். இந்த யோசனை எனக்கு மறுநாள் வேலையில், ஏழாவது தட்டுச் சில்லைப் பார்க்கும்போது வந்தது. அன்று எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

சித்தப்பாவும் பக்கத்து வீட்டு அக்காவும் அங்கே போனார்கள். "ஒன்னு, ரெண்டு, மூணு!" என்று கத்தினார் சித்தப்பா. இரண்டு வீட்டிலும் ஒன்றாகத் தட்டினோம். ஆனால் அக்கா வீட்டுத் தொலைக்காட்சிக்கு அவசரம் அதிகம். சித்தப்பாவின் குரல் படத்துக்குச் சில நொடி முன்னாலேயே ஓடியது.

"சிரிக்கிறாங்க!" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. எங்கள் திரையில் எல்லாரும் உம்மென்று நின்றார்கள். பிறகு சிரித்தார்கள்.

"கை தட்டுறாங்க!"

கொஞ்ச நேரம் கழித்துக் கை தட்டினார்கள். தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். நடுவர் சின்னம்மாவின் கறியை மறுபடி ருசி பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"புளி பிரமாதமாம்! மீனு பூவாட்டம் இருக்காம்!" என்றது சுவர். அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. "உப்பு... உப்பு கொஞ்சம் தூக்கலாம்!" அந்தக் குரலில் ஒரு சந்தேகம் இருந்தது. சின்னம்மா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பிறகு சுவர் பேசவில்லை.

"சித்தப்பா! என்னா சொல்றாங்க?" என்று கத்தினேன். பதில் இல்லை. அதற்குள் எங்கள் திரையில் மூன்று போட்டியாளர்களும் வரிசையாக நின்றார்கள். அறிவிப்பாளர் ஓர் உறையைப் பிரித்து எதையோ படித்தார். சின்னம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர். ஒரு குதி குதித்தார். அகப்பையோடு சேர்த்து அறிவிப்பாளரைக் கட்டிப்பிடித்தார்.

நாங்கள் பாயை விட்டு எழுந்து கத்தினோம். மைலோ கொட்டியது. தங்கச்சி தன் அம்மாவைத் தூக்கப் பார்த்து முடியாமல் விட்டாள். "லங்காவி! லங்காவி!" என்று நான் தொழிற்சாலையில் ஒருநாளும் ஆடாத ஆட்டம் ஆடினேன். சின்னம்மா மட்டும் "உக்காருங்க, உக்காருங்க" என்றார்.

சித்தப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவர் மெதுவாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"மூணாவதாம்."

நான் திரையைப் பார்த்தேன். அங்கே சின்னம்மா இன்னும் குதித்துக்கொண்டிருந்தார்.

"மூணாவதுக்கு எதுக்கும்மா இந்தக் குதி?" என்றாள் தங்கச்சி.

சித்தப்பா உள்ளே வந்து சின்னம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். "இருவத்தெட்டு வருசமா உன் கறி சாப்புடுறேன். ஒரு நாள் உப்பு கூடுனதில்ல. அன்னிக்கி மட்டும் எப்படிக் கூடுச்சு?"

சின்னம்மா கத்தியை வைத்தார். அந்த முகத்தை நான் தப்பு செய்து மாட்டிக்கொண்ட பள்ளிப் பிள்ளைகளிடம்தான் பார்த்திருக்கிறேன்.

"ரெண்டு கரண்டி போட்டேன்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான். இன்னும் ஒன்னு போட்டிருப்பேன், அப்புறம் வெளியவே அனுப்பிருவாங்கன்னு பயம். எனக்கு கிரைண்டர் வேணுங்க. அந்தப் பழசு உளுந்த அரைக்குதா, கல்ல அரைக்குதான்னே தெரியல. முதல் பரிசு குடுத்திருந்தா நான் என்ன செய்யிறது? மூணு நாளு கடலப் பாத்துக்கிட்டு உக்காரணும். பினாங்கு போனப்ப என்ன செஞ்சீங்க? ஹோட்டல்ல சமைச்சு வெச்ச மீனத் தூக்கி, செவுளத் தொறந்து பாத்தீங்க."

"பழைய மீனு அது" என்றார் சித்தப்பா.

"எல்லாரும் பாத்தாங்க."

சித்தப்பாவுக்கு நிஜமாகவே வருத்தம். பக்கத்து வீட்டு அக்கா மெல்லச் செருப்பைத் தேடினார். எனக்கும் ஏன் அந்த வயரை மாட்டினோம் என்று ஆகிவிட்டது.

"நான் பசார்ல எல்லார் காதுலயும் ஓதிட்டேன்" என்றார் சித்தப்பா கடைசியில். "ஒருத்தர் விடல. நீ ஜெயிச்சுட்டேன்னு. ஃபேரியில போறோம்னு."

"நான் சொல்லவே இல்லயே?"

"நீ சொல்லாததாலதான் ஜெயிச்சிருப்பேன்னு நெனச்சேன்."

இதைக் கேட்டுச் சின்னம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், மூக்கு வழியாக வந்தது. சித்தப்பா கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "பூப்போட்ட சட்டை வேற வாங்கிட்டேன்" என்றார். "தெரியும். அன்னிக்கே தொவைச்சு, மறுபடி ஒளிச்ச எடத்துலயே வெச்சுட்டேன்" என்றார் சின்னம்மா. அதற்குப் பிறகு யாராலும் வருத்தமாக இருக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து நிகழ்ச்சிக்காரர்கள் படத்தைச் சரிசெய்து மறுபடி ஏற்றினார்கள். எல்லாக் கைப்பேசியிலும் ஓடியது, படமும் சத்தமும் ஒன்றாக. நான் வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் முழுவதும் பார்த்தேன். சின்னம்மா இரண்டாவது கரண்டி உப்பைப் போடும் இடத்தையும் பார்த்தேன். போடுமுன் இடமும் வலமும் பார்த்துக்கொள்கிறார், சாலையைக் கடப்பவர்போல. அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் அத்தனை முறை பார்த்தும் எவர் கண்ணிலும் படவில்லை.

அடுத்த முறை செமிலிங் போனபோது சித்தப்பா லேப்டாப்பின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். அந்தப் பழைய ஊமைப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. சரியான படம் வந்துவிட்டதே, மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணா லா தம்பி" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சத்தம் இல்லாமப் பாத்தா அவ ஜெயிச்ச மாதிரியே இருக்கு."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே கிரைண்டர் ஓடிய சத்தத்தில் வேறு எதுவும் கேட்டிருக்காது என்பது வேறு விஷயம்.