ஆளை நான்தான் எடுப்பேன்

பிறந்தபோதே மூளைக்கு மூச்சு போதாமல் போனதால், அவளுடைய கைகாலும் நாக்கும் சொன்னபடி கேட்பதில்லை. ஒரு வாக்கியத்தை முடிக்க அரை நிமிஷம் பிடிக்கும். அதனாலேயே அண்ணன் வைத்த பட்டப்பெயர் ‘எக்ஸ்பிரஸ்’. இருபது வயதில் அவள் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு கம்பெனியின் வீடியோக்களுக்கு வசனம் தட்டச்சு செய்து சம்பாதிக்கிறாள்.

அவளைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுத்திவிட்டதெல்லாம் அம்மாதான். போன வருஷம் அம்மாவின் இடுப்பு கைவிட்டது. இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். உதவிக்கு ஆள் ஏற்பாடு செய்ய மாற்றுத்திறனாளிகள் மையத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்தார்.

“பாப்பா எத்தனை மணிக்குக் குளிக்கும்?” என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

“காலைல அஞ்சரைக்கு. அதுதான் பழக்கம்.”

“அது... எனக்கு...” என்று எக்ஸ்பிரஸ் கிளம்பினாள்.

“ரொம்பப் பிடிக்கும், இல்லையா கண்ணு?” என்று அதிகாரியம்மாவே முடித்துவைத்தார்.

“பிடிக்கவே... பிடிக்காது.”

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என்னடி இது? இத்தனை வருஷமா வாயே திறக்கலையே!”

“நீ வேலைக்கு ஓடணும்... பாவம்னு விட்டுட்டேன். இப்ப வர்றவங்க... எனக்காக வர்றாங்க. எட்டு மணின்னு எழுதுங்க. ஆளையும்... நான்தான் எடுப்பேன்.”

அதிகாரியம்மா ஐந்தரையை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார். தன் நாற்காலியையும் அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மூன்று பெண்கள் வந்தார்கள். மூவரிடமும் தலை வாரிவிடச் சொன்னாள் எக்ஸ்பிரஸ். தலையணை கனத்துக்குச் சான்றிதழ் கொண்டுவந்தவள் இறுக்கிப் பின்னிவிட்டு, “நல்லா இருக்காம்மா?” என்று அம்மாவைக் கேட்டாள். இரண்டாமவள் எக்ஸ்பிரஸ் வாயைத் திறக்கும் முன்பே பதில் சொன்னாள். மூன்றாமவள் துணிக்கடையில் வேலை பார்த்தவள்.

“நடு வகிடா, பக்க வகிடா?” என்று கேட்டுவிட்டு, சீப்பும் கையுமாகப் பதில் வரும்வரை காத்து நின்றாள்.

“இடது பக்கம்... நெத்தில கொஞ்சம்... முடி விழணும்.”

“விழட்டும். இந்த முகத்துக்கு அதுதான் எடுப்பு.”

அம்மா மகளின் காதோரம் குனிந்தாள். “அனுபவமே இல்லையேடி! கீழே போட்டுட்டா?”

“எனக்கு இருபது வருஷ அனுபவம்... இருக்கே. நான் சொல்லித்தரேன்.”

முதல் நாள் கட்டிலோரம் பாடம் நடந்தது. “முழங்காலை மடக்குங்க அக்கா. மூணு சொன்னதும் தூக்குங்க. ஒண்ணு... ரெண்டு...” மூன்று வருவதற்குள் அக்கா அவசரப்பட்டுவிட்டாள். இரண்டு பேரும் மெத்தையில் தொப்பென்று விழுந்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தாள். அங்கே இருவரும் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“எண்ணி முடிக்கறதுக்குள்ள... மத்தியானமாயிடும். கண்ணைச் சிமிட்டறேன், தூக்குங்க,” என்றாள் எக்ஸ்பிரஸ். அன்றிலிருந்து கண் சிமிட்டல்தான் கணக்கு.

அம்மாவுக்குத்தான் கை ஓடவில்லை. ஒருநாள் காலையில் மெல்லக் கேட்டாள்: “நான் உன்னை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேனாடி?”

“இல்லம்மா. ஆனா... தினமும் கண்ணுல சோப்புப் போட்டே.”

அம்மா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

மற்றப் பிள்ளைகளுக்கும் ஆள் பார்த்துத் தரும்படி மையத்தில் எக்ஸ்பிரஸைக் கூப்பிட்டார்கள். “அவங்கவங்க ஆளை அவங்கவங்களே எடுக்கட்டும். நான்... பக்கத்துல உக்காந்துக்கறேன்,” என்றாள். இதுவரை ஆறு வீடு முடிந்திருக்கிறது. ஆறாவது வீட்டுப் பெண் ஏழு பேரை வேண்டாமென்று திருப்பி அனுப்பினாள். அதிகாரியம்மாவுக்குத் தலை சுற்றியது. எக்ஸ்பிரஸ் அசராமல் எட்டாவது ஆளை உள்ளே கூப்பிடச் சொன்னாள்.